வேற மாநிலத்துல வாங்கின விவாகரத்துத் தீர்ப்பு: நம்மூர்ல நிறைவேத்தினவங்க அனுபவம்

பல்லடத்துக்காரி:

ஏனுங்க, இதுல அனுபவப்பட்டவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எனக்கு விவாகரத்து ஆனது பெங்களூருல. ரெண்டு பேரும் அங்கதான் வேலையில இருந்தோம். எனக்கு ஒரு மொத்தத் தொகை தவணையா, பையனுக்கு மாசாமாசம் செலவுக்குன்னு தீர்ப்புல இருக்கு. முதல் தவணை வந்துச்சு, அதோட சரி. அவரு வேலையை விட்டுட்டு காங்கேயம் பக்கம் அவங்கப்பா ஊருக்கே வந்துட்டாரு. திருப்பூருல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்காருன்னு கேள்வி. ஒறம்பரையில ஒருத்தரு "கர்நாடகாத் தீர்ப்பு இங்க செல்லாது, புதுசா கேஸ் போடோணும்"ங்கறாரு. இன்னொருத்தரு "தீர்ப்பு நகலைக் கொண்டுபோய் நம்ம கோர்ட்டுல குடுத்தாப் போதும்"ங்கறாரு. எது நெசம்?

பவானிக்கரை:

ரெண்டுமே இல்லீங்க அம்மிணி. தீர்ப்பு செல்லும். ஆனா நீங்க பையில போட்டு எடுத்துட்டு வந்தா அது இங்க வந்ததாக் கணக்கில்லை. குடுத்த கோர்ட்டு அனுப்பி வைக்கோணும்.

எனக்கு ஆனது கேரளாவுல ஒரு குடும்ப நலக் கோர்ட்டுல. அவரு ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம். நான் முதல்ல மனுப் போட்டது கேரளாக் கோர்ட்டுலயேதான். "எதிராளி இந்தக் கோர்ட்டு எல்லைக்குள்ள இல்லை, இங்க அவருக்குச் சொத்தும் இல்லை, அதனால தீர்ப்பை ஈரோடு மாவட்டத்துக்கு அனுப்பித் தரோணும்"னு. அனுப்பறப்ப மூணு காகிதம் சேர்ந்து போகோணும். தீர்ப்பாணையோட நகல் ஒண்ணு. பணம் வசூலாகலைன்னு, பாதி வந்திருந்தா எவ்வளவு வந்துச்சு எவ்வளவு பாக்கின்னு, சொல்ற சர்டிபிகேட் ஒண்ணு. அந்தக் கோர்ட்டு ஏற்கெனவே நிறைவேத்தச் சொல்லி உத்தரவு போட்டிருந்தா அதோட நகல், போடலைன்னா போடலைன்னு ஒரு சர்டிபிகேட்.

சிக்கினது ரெண்டாவதுல. அவரு கொஞ்சம் கட்டியிருந்தாரு. அங்கிருந்து வந்த சர்டிபிகேட்டுல "முழுசா வசூலாகலை"ன்னு ஒத்தை வரிதான். தொகையே இல்லை. நம்மூரு கோர்ட்டு ஆபீசுல அதைப் பாத்த கையோட திருப்பி அனுப்பிட்டாங்க. மறுக்கா வாளையாறு தாண்டிப் போயி, பேங்க் ஸ்டேட்மெண்ட் வெச்சுக் கணக்கெழுதி, புதுசா ஒண்ணு வாங்கி வரவேண்டியதாப் போச்சு. அதனால இப்பவே பாக்கிக் கணக்கைத் தேதி வாரியா எழுதி வெச்சுக்குங்க.

வந்து சேர்ந்த பொறகும் கோர்ட்டு தானா எதையும் பண்ணாது. இங்க ஒரு வக்கீலை வெச்சு நிறைவேற்று மனு, அதான் இ.பி., தனியாப் போடோணும். அதுல சம்பளத்தைப் பிடிக்கறதா, சொத்தை ஜப்தி பண்றதா, ஆளையே கைது பண்ணச் சொல்லிக் கேக்கறதான்னு நாமதான் சொல்லோணும். எங்காளு மஞ்சள் மண்டியில இருந்தாரு, சம்பளம்னு காகிதத்துல எதுவுமே இல்லை. தோட்டத்தைத்தான் காட்டினோம்.

அமீனா வந்த அன்னைக்கு நான் போகலை, எங்க சித்தப்பா போயிருந்தாரு. நிலத்தை ஜப்தி பண்ணினா தண்டோரா போடோணும், நோட்டீசை நிலத்துல பாக்கற மாதிரி எடத்துல ஒட்டோணும்னு சட்டத்துலயே இருக்குதுங்க. தண்டோராச் சத்தம் கேட்டு டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்களாம். மோட்டார் ரூம் கதவுல ஒட்டின நோட்டீசை ஒரு பெரியவரு சர்வே நம்பர்லருந்து சத்தமாப் படிச்சாராம். படிச்சு முடிச்சுட்டு, "ஏம்ப்பா, இத்தனைதானா? இதைக் குடுத்துத் தொலைக்கறதுக்கென்ன?"ன்னாராம்.

பொறகு அவரு தம்பி "எம்பட பங்கும் இதுல இருக்குது"ன்னு மனுப் போட்டாரு, அது கொஞ்ச காலம் இழுத்துச்சு. தம்பி பங்கை விட்டுட்டு மிச்சத்துக்கு ஜப்தி நின்னுச்சு. ஏலத்துக்கு நாள் குறிச்சதும் பணத்தைக் கோர்ட்டுலயே கட்டிட்டாரு. வட்டியில கொஞ்சம் விட்டுக் குடுத்தேன். எனக்கு அது சரின்னு பட்டுச்சு.

லாரிக்காரர், நாமக்கல்:

நம்முளுது வேற கதைங்க. புனாவுல ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்கின விவாகரத்து. கொடுக்கல் வாங்கல் எதுவும் பாக்கியில்லை. ரெண்டாங் கல்யாணம் பேசறப்ப பொண்ணு வீட்ல "அந்த மாநிலத்துத் தீர்ப்பை நம்மூரு கோர்ட்டுல பதிஞ்சீங்களா?"ன்னு புடிச்சுக்கிட்டாங்க. வக்கீலைக் கேட்டா சிரிக்கறாரு. கல்யாண பந்தம் முடிஞ்சதுங்கறதை யாரும் "நிறைவேத்த" வேண்டியதில்லை, தீர்ப்பு சொன்ன அன்னைக்கே அது இந்தியா முழுக்க முடிஞ்சதுதான். கோர்ட்டு முத்திரை போட்ட சான்று நகல் கையில இருந்தாப் போதும். ஜெராக்ஸை எங்கயும் ஏத்துக்கறதில்லை, அதனால ரெண்டு மூணு சான்று நகலா வாங்கி வெச்சுக்குங்க.

ஒண்ணு மட்டும் கவனிக்கோணும். எதிர்த்து நடந்த கேஸ்னா அப்பீல் காலம் முடிஞ்சிருக்கோணும், அப்பீல் எதுவும் நிலுவையில இருக்கக்கூடாது. அதுக்கப்புறந்தான் மறு கல்யாணம். குடும்ப நலக் கோர்ட்டுச் சட்டத்துல 30 நாள்னு இருக்கு, இந்துத் திருமணச் சட்டத்துல 90 நாள்னு இருக்கு. பெரிய கணக்கையே பாத்துக்கங்கன்னு எங்க வக்கீல் சொன்னாரு. எப்படியும் நல்ல முகூர்த்தம் கிடைக்க அத்தனை நாளாகுமுங்க.

அமராவதித் தண்ணி:

பல்லடத்து அக்கா, உங்களுக்கு மாசாமாசம் வர வேண்டியது எந்தச் சட்டத்துல போட்ட உத்தரவுன்னு பாத்துட்டீங்களா? எங்க தங்கச்சிக்கு ஹைதராபாத்துல போட்டது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல இப்ப அது 144, 2024 ஜூலை 1லருந்து. அந்த உத்தரவுக்கு இந்த அனுப்பற வேலையே கிடையாது. ஆள் எங்க இருக்காரோ அந்த ஊரு மாஜிஸ்ட்ரேட்டே நிறைவேத்தலாம்னு பழைய 128லயும் இருந்துச்சு, இப்ப 147லயும் இருக்கு. உத்தரவு நகலை எடுத்துட்டு நேரா கரூருல மனுப் போட்டோம்.

ஆனா அதுல ஒரு கண்டிசன். பாக்கி விழுந்து ஒரு வருசத்துக்குள்ள வாரண்டுக்கு மனுப் போட்டுடோணும். "பாவம், தருவாரு"ன்னு எங்கம்மா தடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வருசம் முடியப் போற நேரத்துலதான் போட்டோம். ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் கழிஞ்சுதுன்னு மாப்பிள்ளை நெனச்சிருந்தாரு. அப்படியில்லைன்னு 1989லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. ஜெயிலு கட்ட வைக்கறதுக்குத்தான், கட்டினதுக்குப் பதிலில்லை. இதை ஜட்ஜு சொன்னதும் அவங்க வக்கீல் மூஞ்சியைப் பாக்கோணுமே.

பல்லடத்துக்காரி:

எங்களுது விவாகரத்துத் தீர்ப்புக்குள்ளயே, இந்துத் திருமணச் சட்டத்துல போட்டதுங்க. 125 இல்லை.

கோர்ட்டு வராண்டா, கோவை:

நான் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் பேச்சை நம்பறவங்க கூட எங்களைக் கேட்டுட்டுத்தான் போவாங்க, அந்தத் தைரியத்துல சொல்றேன்.

செல்லாதுன்னு சொன்ன ஒறம்பரைகிட்ட அரசியல் சாசனம் 261வது பிரிவைக் காட்டுங்க. இந்தியாவுல எந்த சிவில் கோர்ட்டு இறுதித் தீர்ப்பையும் நாட்டுல எங்க வேணாலும் சட்டப்படி நிறைவேத்தலாம். பெங்களூரு கோர்ட்டு நேரா காங்கேயத்துல ஜப்தி பண்ண முடியாதுங்கறதும் சரிதான். தன் எல்லைக்கு வெளியில இருக்கிற ஆளையோ சொத்தையோ தொட முடியாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டம் 39வது பிரிவுல 2002ல ஒரு வரி சேர்த்துட்டாங்க. அதனாலதான் அனுப்பற வேலை. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஹைகோர்ட்டு வழியாச் சுத்தி வரணும்னு இன்னமும் சிலபேரு சொல்றாங்க. வேண்டியதில்லை, கோர்ட்டுக்குக் கோர்ட்டு நேராவே அனுப்பலாம். தப்பான கோர்ட்டுக்குப் போயிட்டாலும் அவங்களே உரிய கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கணும். அதே சட்டத்துல ஆர்டர் 21 ரூல் 5.

இங்க வந்ததும் எதிர்த்தரப்பு பேசற முதல் பேச்சு, "அந்தத் தீர்ப்பே தப்பு, எனக்கு நோட்டீஸ் சரியா வரலை, தொகை ஜாஸ்தி"ங்கறதுதான். நிறைவேத்தற கோர்ட்டு தீர்ப்புக்குப் பின்னால போய் நியாயம் பாக்காது. குறை இருந்தா பெங்களூருல போய்ச் சொல்லணும். அதுக்குன்னு கொஞ்சம் டைம் கேட்டு இங்க நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க, சில சமயம் கிடைக்கவும் செய்யும். அந்த வாய்தாக்களுக்கு மனசைத் தயார் பண்ணிக்கங்க.

சம்பளம்: தனியார் கம்பெனின்னாலும் கோர்ட்டு கம்பெனிக்கே உத்தரவு போடலாம், அதே ஆர்டர் 21ல ரூல் 48ஏ. உத்தரவு வந்த பொறகும் பிடிக்காம அவருக்கே குடுத்தா கம்பெனி தலையிலதான் விழும். இதைக் கேள்விப்பட்டாலே எச்.ஆர். ஆளுங்க மறுமாசமே பிடிச்சுக் கட்டிடுவாங்க. ஜீவனாம்சத் தீர்ப்புன்னா மூணுல ஒரு பங்கு சம்பளத்தை அவருக்கு விட்டுட்டு மிச்சத்தைப் பிடிக்கலாம். சாதாரணக் கடன் தீர்ப்புன்னா அப்படியே தலைகீழ்: முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் அவருக்கே. அதனால மனுவுல இது ஜீவனாம்சத் தீர்ப்புன்னு பளிச்சுன்னு எழுதச் சொல்லுங்க. உங்க மொத்தத் தொகை ஜீவனாம்சமே இல்லைன்னு எதிர்த்தரப்பு வாதாடுவாங்க, பையனோட மாசத் தொகையில வாதாட ஒண்ணுமில்லை.

கால அளவு 12 வருசம். அதுக்காகக் காத்திருக்காதீங்க.

பொள்ளாச்சி இளநீர்:

பணத்துக்குப் பரவால்லீங்க, வழி இருக்கு. எனக்கு இருக்கிறது மைசூருத் தீர்ப்பு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பாப்பாவைப் பாக்கலாம், முழுப் பரிட்சை லீவுல பாதி நாள் எங்கிட்ட. பாப்பாவோட அம்மா இப்ப ஈரோட்ல. தீர்ப்பை அனுப்பி வெச்சு, இ.பி. போட்டு, பாப்பாவை அனுப்பலைன்னா சொத்து ஜப்தி வரைக்கும் போகலாம்னு கோர்ட்டு சொல்லி, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்தாங்க. பாப்பா கார்ல இருந்து எறங்கவே இல்லை. கண்ணாடியை எறக்கி, வாங்கிட்டுப் போன தேங்காய் பன்னை மட்டும் வாங்கிக்கிச்சு. நான் கோர்ட்டுல குத்தம் சொல்லலை. குழந்தை வர மாட்டேங்குதுன்னா அமீனாவை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்றதா?

ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா ஸ்கூல் முடிஞ்சு சாயங்காலம் பாக்கறேன்னு மாத்திக் கேட்டேன். இங்க மாத்த முடியாது, நாங்க நிறைவேத்தத்தான் முடியும்னுட்டாங்க. அதனால மைசூருல மனுப் போட்டிருக்கேன். இப்ப பாப்பா வாரா வாரம் போன்ல பேசுது. அது எந்தத் தீர்ப்புலயும் இல்லை.

ஏற்காட்டுக் குளிர்:

எங்கண்ணன் அமெரிக்காவுல டெக்சாஸ் ஸ்டேட்ல வாங்கினது. அதுவும் இதே மாதிரி அனுப்பிடலாமுங்களா?

கோர்ட்டு வராண்டா, கோவை:

இல்லீங்க, அது வேற நாடு. வெளிநாட்டுத் தீர்ப்பை இங்க நேரா நிறைவேத்தறதுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவுல நம்ம அரசு அறிவிச்ச நாடுகள் வரிசையில சிங்கப்பூர் இருக்கு, 2020ல அமீரகம் சேர்ந்துச்சு, அமெரிக்கா இல்லை. இந்துத் திருமணச் சட்டத்துல இல்லாத காரணத்துக்கு அங்க குடுத்த விவாகரத்தையே இங்க ஒத்துக்க மாட்டோம்னு 1991ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. எதிர்த்தரப்பு அங்க கலந்துக்கிட்டாங்களா, சம்மதிச்சாங்களாங்கறதைப் பொறுத்துதான் மிச்சம். தனியா ஒரு வக்கீலைப் பாருங்க.

பல்லடத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பெங்களூரு வக்கீல்கிட்டப் பேசிட்டேன், சர்டிபிகேட்டுக்கு மனுப் போடறேன்னாரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. தோட்டத்தை விக்கப் பாக்கறாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. அது மாமனாரு பேர்லயும் இருக்கு, இவரு பேர்லயும் கொஞ்சம் இருக்குங்கறாங்க. தீர்ப்பு வந்து சேர்றதுக்குள்ள வித்துட்டா?

கோர்ட்டு வராண்டா, கோவை:

முதல்ல வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்க, ரெண்டும் ஆன்லைன்லயே கிடைக்கும். கிராமத்துப் பேரும் சர்வே நம்பரும் தெரிஞ்சாப் போதும். மாமனாரு சுயமாச் சம்பாதிச்சு அவரு பேர்ல மட்டும் இருக்கிறதைத் தொட முடியாது. பூர்வீகம்னா உங்க வீட்டுக்காரரா இருந்தவரோட பங்கை மட்டும் காட்டலாம். அவரு பேர்ல தனியா இருக்கிறது இருந்தா, அதைத்தான் முதல்ல மனுவுல எழுதணும்.

விக்கறதுக்கு முந்தித் தடுக்கறதுக்கும் ஒண்ணு இருக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 46வது பிரிவு, 'பிரிசெப்ட்'னு கேளுங்க. தீர்ப்பை அனுப்பறதுக்கு முன்னாடியே, இந்தச் சொத்தை ஜப்தி பண்ணி வையுங்கன்னு பெங்களூரு கோர்ட்டு இங்க இருக்கிற கோர்ட்டுக்கு எழுதலாம். அது ரெண்டு மாசம் நிக்கும். அதுக்குள்ள தீர்ப்பு இங்க வந்து, ஏலத்துக்கு மனுவும் போட்டுடணும், இல்லைன்னா பெங்களூருலயே நாளை நீட்டி வாங்கணும். உங்க வக்கீலுக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க, சர்டிபிகேட் மனுவோட சேர்த்தே போட்டுடலாம். சர்வே நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பும்போது உட்பிரிவையும் சேர்த்து அனுப்புங்க. அது இல்லாம ஜப்தி உத்தரவு வந்தா அமீனா தோட்டத்து வேலியோரம் நின்னுட்டுத் திரும்பிடுவாரு.