பதில்: மேலத்தெரு சித்தப்பா கால் விஷயம்

எல்லோருக்கும் வணக்கம்.

சித்தப்பாவுக்காக நம் சங்கத்தில் வசூலிப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நேரில் பார்த்ததால் எழுதுகிறேன். திண்ணையில் இருந்த சித்தப்பா என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே, மடங்கவே கூடாத இடத்தில் கால் மடங்கியது. ஒன்றும் நடக்காததுபோல் துண்டை எடுத்து அங்கே சுற்றிக்கொண்டார்.

பவர் டில்லர் வரப்பில் சரிந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதலில் நாட்டுக்கட்டு, அப்புறம் பிளேட். அந்தப் பிளேட்டும் முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயை யூரியா சாக்கில் சுருட்டி விதைநெல் மேல் வைத்திருக்கிறார் சித்தி. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு சேரவேண்டிய இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு.

காப்பீட்டு அட்டை இருக்கும்போது வசூல் எதற்கு என்று துபாய் மாமா கேட்டிருந்தார். சரியான கேள்விதான். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆபரேஷன் அதிலேயே முடியும் என்கிறார்கள். ஆனால் செத்த எலும்பை வெட்டினால் 4 சென்டிமீட்டர் குறையுமாம். அந்த இடைவெளியை நிரப்ப, காலைச் சுற்றிக் கம்பிகளால் எலும்போடு பிணைக்கும் இலிசரோவ் வளையம் மாட்டி, தினமும் நாலு தடவை திருகினாலும் எலும்பு நகர்வது நாளுக்கு 1 மில்லிமீட்டர்தான். பிறகு அது இறுக வேண்டும். எட்டு மாதம் வயலில் இறங்க முடியாது. நான் கேட்பது அந்த எட்டு மாதச் சாப்பாட்டுக்கு. மாதம் 12,000, மொத்தம் 96,000. நாம் 24 பேர், ஆளுக்கு 4,000.

கஜா புயல் வசூல் கணக்கு வராமல் பைசா தரமாட்டேன் என்ற அத்தானுக்கு: 2018 கணக்கை நானும்தான் கேட்கிறேன். ஆனால் அந்தக் கணக்குக்கு இந்தக் கால் எப்படி ஜாமீன் ஆகும்? புயலன்று உங்கள் வீட்டு ஓட்டைப் பிளந்துகொண்டு விழுந்த தென்னையை அறுத்து, அத்தையைத் தூக்கிவந்தது யாரென்று அத்தையிடமே கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், சித்தப்பா வாங்க மறுக்கிறார். "சங்கத்துக் காசுல சாப்புடுறான்னு டீக்கடையில பேசுவானுங்க." கடன் என்று நோட்டில் ஒரு வரி எழுதினால் வாங்கிக்கொள்வார். பத்திரம் கித்திரம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் சங்கக் கணக்கில் போட வேண்டாம், வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு நமக்கு இல்லை.

பீடியை விட்டால்தான் எலும்பு கூடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு. சித்திதான் எண்ணிக் கொடுக்கிறார்.