வெளியாள் ஒருவர் ஆமிஷ்காரராக முடியுமா? பழகியவர்கள் சொல்லுங்கள்

ஹாரிஸ்பர்க்வாசி:
ஆமிஷ்காரர்கள் என்றால் பெரும்பாலும் சொந்தக் காரும் கரண்டும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபையினர்; எங்கள் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் நிறைய இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போனும் மீட்டிங்கும் வெறுத்துப்போய், "பேசாமல் லங்காஸ்டர் போய் ஆமிஷ்காரர்களோடு சேர்ந்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். விளையாட்டுப் பேச்சாகத்தான் தொடங்கியது, இப்போது நிஜமாகவே விசாரிக்கிறார். நான் காய்கறி வாங்கப் போகும்போது குதிரை வண்டிகளைப் பார்த்ததோடு சரி. உள்விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கொலம்பஸ்காரன்:
எங்கள் சமையலறை அலமாரிகளைச் செய்தவர்கள் ஒஹாயோ ஹோம்ஸ் கவுண்டி ஆமிஷ்காரர்கள். பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். கரண்ட் கம்பி கிடையாது. வெளியே டீசல் எஞ்சின், அதில் அடைத்த காற்றில்தான் ரம்பமும் இழைப்பு மெஷினும் ஓடுகின்றன. அலமாரி மாட்ட வேனில் வந்தார்கள். ஓட்டியவர் ஆமிஷ் இல்லாத கூலி டிரைவர். காரில் ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளத்தான் கூடாது. எது கூடும், எது கூடாது என்பதை அந்தந்தச் சபையே தீர்மானிக்கிறது. ஓர்ட்னுங் என்கிற அந்தக் கட்டுப்பாடுகளை வருடத்தில் இரண்டு முறை, திருவிருந்துக்கு முன்னால், எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும்.

பட்டறைக்காரரிடம், "என்னை மாதிரி ஆள் சேரலாமா?" என்று கேட்டேன். "தடை இல்லை. பக்கத்தில் குடிவந்து, எங்களோடு வேலை செய்து, ஆராதனைக்கும் வா. அப்புறம் பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டு மகனிடம் சிரித்துக்கொண்டே ஏதோ பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்கிற ஒருவகை ஜெர்மன் பேச்சு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் மூன்று மணி நேர ஆராதனை, அதுவும் அந்தப் பேச்சிலும் பழைய ஜெர்மனிலும். கரண்ட் இல்லாமல் நான் சமாளித்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. சாப்பாட்டு மேஜையில் வருடக்கணக்கில் ஊமை மாதிரி உட்கார என்னால் முடியாது.

கணக்குப்புலி:
ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை செய்கிறேன். ஆமிஷ் குடும்பங்கள் பொதுவாக இன்ஷூரன்ஸ் எடுப்பதில்லை. பெரிய பில் வந்தால் சபை நிதியிலிருந்து வரும், போதாவிட்டால் ஏலம் வைத்துத் திரட்டுவார்கள். 1965-ல் வந்த சட்டப்படி சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதிய வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் முதுமையில் வரவேண்டிய பணமும் மெடிகேர் என்கிற முதியோர் மருத்துவக் காப்பீடும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். உங்கள் நண்பர் இதுவரை கட்டியதை நினைத்துப் பார்த்தாரா?

இண்டியானா மாமா:
இங்கே ஷிப்ஷிவானா பக்கம் அப்படி வந்த ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். பெரிய நகரத்து ஆள். ஆமிஷ் பண்ணை ஒன்றில் தங்கி, மாடு கறந்து, பாஷையும் ஓரளவு பிடித்துவிட்டார். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். கிளம்பியதில் யாருக்கும் கோபமில்லை, இன்னும் போய்வருகிறார். ஞானஸ்நானம் எடுத்தபிறகு விட்டுப் போயிருந்தால் கதையே வேறு. பல சபைகளில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள். அதனால்தான் அவர்களே யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். வேலை பிடித்திருந்ததாம். தொப்பியின் விளிம்பு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதற்குக்கூட ஊரைக் கேட்கவேண்டியிருந்தது ஒத்துவரவில்லையாம். இன்னொன்றையும் சொன்னார், இதை யாரும் யோசிப்பதில்லை. கல்யாணம் சபைக்குள்தான். அவர் வயதில் அங்கே எல்லோருக்கும் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சித்தப்பா, அத்தை, மச்சான். இவர் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை.

இரண்டு பிள்ளைக்காரி:
அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. 1972-ல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துவிட்டது. நம் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் ஊரிலிருந்து மாமியார் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவார். நண்பர் தனி ஆள் என்றால் சரி.

ஹாரிஸ்பர்க்வாசி:
தனி ஆள்தான். ஆனால் கடவுள் பக்தி அவ்வளவு கிடையாது.

இண்டியானா மாமா:
அப்படியானால் வாசலிலேயே முடிந்தது. ஞானஸ்நான வகுப்பில், அவர்களுடைய அடிப்படை நம்பிக்கைகளைச் சொல்லும் 1632-ஆம் ஆண்டு டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் படிக்கவேண்டும். அதில் ஒன்றுகூட குதிரை வண்டியைப் பற்றியது இல்லை. பக்தி இருந்தால் பீச்சி ஆமிஷ் சபைகளை விசாரிக்கச் சொல்லலாம். 1927-ல் பிரிந்தவர்கள், காரும் கரண்டும் உண்டு, பல இடங்களில் ஆராதனையும் ஆங்கிலத்தில்தான். பக்தி இல்லை, போனை மட்டும் விடவேண்டும் என்றால் லங்காஸ்டரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, போனை அணைத்துப் போடச் சொல்லுங்கள்.