மலை ஊரில் ஜியோகேச்சிங்: அம்புக்குறி ஒரே பாறையைச் சுற்றுகிறது, பேரப்பிள்ளைகள் ஏமாந்து போனார்கள், உதவுங்கள்

பாட்டியும் இருவரும்:
எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேரனையும் (9 வயது) பேத்தியையும் (6 வயது) கூட்டிக்கொண்டு ஒரு மலை ஊருக்குப் போய்வந்தோம். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் பயணம். கேச் தேடுவது, அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, இணையத்தில் போட்டிருக்கும் ஆயத்தொலைவு எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) வைத்து ஜிபிஎஸ் உதவியால் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு, எங்கள் மூவருக்கும் முதல் தடவை. மூன்று டப்பாக்களைத் தேடிப் போனோம், ஒன்றுதான் கிடைத்தது.

அது ஏரிக்கரை இருக்கையின் அடியில், காந்தத்தால் ஒட்டியிருந்த விரல் நீளக் குப்பி. பேத்தி தரையில் படுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். உள்ளே சுருட்டி வைத்திருந்த தாளில் மூன்று பேர் பெயரையும் எழுதினோம்.

இரண்டாவது டப்பா மேலே ஏறும் பாதையில், செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. போன் 4 மீட்டர் என்று காட்டும், இரண்டடி நகர்ந்தால் 19 மீட்டர் என்று மாறும், அம்புக்குறி பின்பக்கம் திரும்பும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தையே சுற்றினோம். பத்து நாளுக்கு முன்னால்தான் ஒருவர் கண்டுபிடித்ததாக இணையத்தில் பதிவு இருக்கிறது.

மூன்றாவது இடத்தில் சிக்னல் இருக்காது என்று, வீட்டிலேயே ஆயத்தொலைவு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வேறொரு மேப் ஆப்பில் அடித்தேன். அது வெறும் சாலை வளைவில் கொண்டு நிறுத்தியது. "பாட்டி, டப்பா இருக்குன்னு சொன்னது பொய்யா?" என்று பேத்தி கேட்டதுதான் மனதைப் பிசைகிறது.

வரும் சனிக்கிழமை திரும்பப் போகிறோம். என் போனில்தான் கோளாறா? தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

கல்லிடுக்கு:
அம்மா, போன் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பாறைச் சுவர்தான் காரணம். செயற்கைக்கோள் சமிக்ஞை போனுக்கு நேராக வர வேண்டும். சுவர் பாதி வானத்தை மறைத்துவிடுகிறது, வருகிற சமிக்ஞையில் கொஞ்சம் பாறையில் மோதித் திரும்பி வருகிறது. சுற்றி வந்ததால் தூரம் கூடுதலாகத் தெரியும், போன் தன் இடத்தைத் தப்பாகக் கணக்குப் போடும். திறந்தவெளியில் 5 மீட்டர் பிழை என்றால் பாறையடியில் 20 மீட்டர்கூட ஆகும். டப்பாவை வைத்தவருடைய கருவிக்கும் அதே பாறைதானே? அவர் குறித்த எண்ணிலும் பிழை இருக்கலாம்.

அதனால் கிட்டப் போனதும் அம்புக்குறியை நம்பாதீர்கள். சுவரிலிருந்து 30 மீட்டராவது விலகி, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எண் நிலைத்ததும் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் ஒரு அடையாளத்தைப் பேரனை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வேறொரு திறந்த இடத்துக்குப் போய் இதையே பேத்திக்கு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கையாக விழாமல் கையால் அடுக்கியது போலத் தெரியும் கல், வேருக்கு மேல் சாய்த்து வைத்த பட்டை, இவைதான் உங்களுக்கு வேண்டும்.

ஊசிமுனை:
போன் உறையில் காந்த மூடி இருக்கிறதா? இருந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் போனைக் கையில் பிடித்து எட்டு எழுதுவது போல நாலைந்து முறை சுழற்றினால் திசைகாட்டி சரியாகும். அம்பு திடீரென்று பின்னால் திரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பழைய வரைபடம்:
மூன்றாவது இடத்துக்கு நோட்டில் என்ன எழுதினீர்கள், ஆப்பில் என்ன அடித்தீர்கள்? அப்படியே சொல்லுங்கள்.

பாட்டியும் இருவரும்:
காந்த மூடி இருக்கிறது! நோட்டில் டிகிரிக்குப் பிறகு 24.500 என்று எழுதியிருக்கிறேன். ஆப்பில் நிமிடம், விநாடி என்று தனித்தனிக் கட்டம் இருந்ததால் 24 நிமிடம் 50 விநாடி என்று அடித்தேன்.

பழைய வரைபடம்:
அங்கேதான் தவறிவிட்டது. கேச்சுக்கான இணையப் பக்கத்தில் எண்கள் டிகிரி, தசம நிமிடம் என்ற முறையில் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது விநாடி இல்லை, நிமிடத்தின் பின்னம். 24.500 என்றால் இருபத்து நாலரை நிமிடம், அதாவது 24 நிமிடம் 30 விநாடி. நீங்கள் 20 விநாடி கூட்டிவிட்டீர்கள். அட்சரேகையில் ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர். 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டீர்கள், அதனால்தான் சாலை வளைவு. தீர்க்கரேகையிலும் இதே மாதிரி அடித்திருந்தால் அதையும் திருத்துங்கள்.

இன்னொன்று, நோட்டே தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாம், மேப் படம் இறங்கத்தான் வேண்டும். கேச்சின் இணையப் பக்கத்தையும் அந்தப் பகுதி மேப்பையும் வீட்டிலேயே சேமித்து வைத்துவிட்டால் மலை மேலும் வேலை செய்யும்.

கல்லிடுக்கு:
தனிக் கருவி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் அலைகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு ஒரு பவர் பேங்க் போதும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

நடைக்குச்சி:
சின்னக் குழந்தை வருவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு கேச்சுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு: தேடுவது எவ்வளவு கடினம், அங்கே போய்ச் சேரும் தரை எவ்வளவு கரடுமுரடு. இரண்டும் 1 முதல் 5 வரை. தரை மதிப்பெண் 2-க்கு மேல் போனால் ஆறு வயதுக்கு வேண்டாம். ஆப் காட்டும் தூரம் பறவை பறக்கும் தூரம். மலையில் 300 மீட்டர் என்று காட்டினால் பாதை வளைந்து வளைந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்கும். அம்பைப் பிடித்துக்கொண்டு சரிவில் குறுக்கே இறங்காதீர்கள். பொந்துக்குள் முதலில் டார்ச், பிறகு குச்சி, கடைசியில்தான் கை.

ஊசிமுனை:
பேத்தியின் கேள்விக்கு என் பதில். 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியைப் புதைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். அதுதான் இந்த விளையாட்டின் முதல் டப்பா. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். டப்பா நிஜமாகவே இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

பாட்டியும் இருவரும்:
சனிக்கிழமை போய்வந்துவிட்டோம். மூடியைக் கழற்றினேன், எட்டு போட்டேன். பேரன் காட்டிய கோடும் பேத்தி காட்டிய கோடும் ஒரு வேர்முடிச்சில் வெட்டின, பழைய அம்புக்குறிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. அங்கே தட்டையான கல் ஒன்று, அடியில் பாசியே இல்லாமல். பேரன் அதை இரண்டு கையாலும் தூக்கியபோது பச்சை மூடி தெரிந்தது. இருவரும் போட்ட சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும். மூன்றாவது, நீங்கள் சொன்னபடியே திருத்தி அடித்ததும் கல்பாலத்துக்கு அடியில் கிடைத்தது. எல்லோருக்கும் நன்றி.

ஒரு சின்னச் சந்தேகம். பாலத்தடி டப்பாவில் எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று இருந்தது. பொம்மை என்று நினைத்துப் பேத்தி எடுத்துக்கொண்டாள், பதிலுக்குத் தன் கண்ணாடிக் கோலிகளை வைத்தாள். எடுக்கலாமா?

பழைய வரைபடம்:
எடுக்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பெயர் ட்ராவல் பக். ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போக வேண்டிய பொருள். தகட்டு எண்ணை இணையதளத்தில் உள்ளிட்டால் அது எங்கிருந்து கிளம்பியது, எங்கே போக ஆசைப்படுகிறது என்று வரும். எடுத்ததாகப் பதிந்துவிட்டு அடுத்த டப்பாவில் விடுங்கள். அந்த எண்ணைப் படத்திலோ இங்கேயோ போட வேண்டாம். ஏரிக்கரைக் குப்பியில் அது நுழையாது, கொஞ்சம் பெரிய டப்பாவாகப் பாருங்கள்.

பாட்டியும் இருவரும்:
சரி, பதிந்துவிட்டோம். அடுத்து எந்த டப்பா என்று பேத்தி இப்போதே மேப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள்.