ரத்தம் ‘பொங்கிருச்சு’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, எனக்கு என்ன கோளாறு?

கேட்டவர்: கம்பம்மெட்டு ஜீப்பு

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்துல இருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஆள் கூட்டிட்டுப் போற ஜீப்பு ஓட்டுறேன். வயசு 38, எடை 62 கிலோ. போன வாரம் தோட்டத்துக் கங்காணிக்கு ஆபரேஷன், ரத்தம் வேணும்னாங்க. ஆளுகளை இறக்கி விட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே நிக்கப் போறோம்னு, மேலேயே கேரளாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போனேன்.

விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்தாங்க. தோட்டத்துல மருந்தடிக்கக் கரைப்பாங்களே துருசு, அதே கலர் நீலத் தண்ணியில விட்டாங்க. சொட்டு கொஞ்சம் இறங்குச்சு, நின்னுச்சு, மறுபடி மேல வந்துருச்சு. சிஸ்டர் பார்த்துட்டு, “சேட்டா, பொங்ஙிக் கிடக்குவா. எடுக்கான் பற்றில்ல”ன்னுட்டாங்க.

எனக்கு செக்போஸ்ட்ல பேசுற அளவுக்குத்தான் மலையாளம். ரத்தம் பொங்குதுன்னா பிரஷர்தானேன்னு வீட்ல சொல்லிட்டேன். மூணு நாளா உப்பில்லாத சாப்பாடு. நேத்து மருந்துக் கடையில பிரஷர் பார்த்தா 110/70, ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. அப்ப என் ரத்தத்துல என்னதான் பிரச்சனை? மேட்டுல நாலு எட்டு ஏறினா மூச்சு வாங்குது, அது மட்டும் உண்மை.

பதில்: குமுளி டீக்கடை

அண்ணே, உப்பைப் போட்டுச் சாப்பிடுங்க முதல்ல. மலையாளத்துல பொங்ஙுறதுன்னா மிதக்குறது. ஆத்துல கட்டை பொங்ஙும்பாங்க. உங்க சொட்டு முங்கல, அதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. ஏன் முங்கலைன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

பதில்: பழைய லேப்காரன், கூடலூர்

தம்பி, முப்பது வருஷம் இதே சொட்டைப் பார்த்து ரிடையர் ஆனவன் நான். அது துருசு மாதிரி இல்லை, துருசேதான். மயில்துத்தம், காப்பர் சல்பேட். நீங்க தோட்டத்துல பார்க்கறதுல சுண்ணாம்பு கலந்திருக்கும், இங்க கணக்கா அளந்து அடர்த்தி தண்ணியைப் போல 1.053 மடங்கு வர்ற மாதிரி கரைச்சு வைப்போம். உங்க ரத்தம் அதைவிடக் கனம்னா 15 செகண்டுக்குள்ள அடியில போய்ரும். லேசா இருந்தா மிதக்கும். முங்குச்சுன்னா 100 மில்லி ரத்தத்துல 12.5 கிராமாவது ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கிற இரும்புச் சத்துள்ள சிவப்புப் புரதம், இருக்குன்னு அர்த்தம். ரத்தம் குடுக்க நம்ம நாட்டுல அதுதான் அளவு. காத்துக் குமிழி ஒட்டினாலும் மிதக்கும்கிறதால, ஒரு தடவை மெஷின்ல பார்த்துருங்க.

ரத்தத்துக்கு எங்கிருந்து கனம் வருதுங்கிறதுதான் விஷயம். ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்ட ட்யூப்ல ரத்தத்தை ஊத்தி ஸ்டாண்டுல வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க. மேல வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி வெளிர் மஞ்சள் பிரிஞ்சு நிக்கும். அது பிளாஸ்மா, முழுசாப் பிரிச்சா பாதிக்குக் கொஞ்சம் மேல, 55 சதவீதம் இருக்கும். அதுல பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி. மிச்சம் புரதம், உப்பு, சர்க்கரை, ஹார்மோன், சிறுநீரகத்துக்குப் போற கழிவு எல்லாம். கீழ சிவப்பா படியறது சிவப்பணு. நடுவுல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளை. நோயோட சண்டை போடுற வெள்ளை அணுவும், காயத்தை அடைக்கிற தட்டணுவும் அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கு. காய்ச்சல்னு வந்தா எல்லாரும் அந்தக் கோட்டைப் பத்தித்தான் பேசுவாங்க, உங்க சங்கதி அடியில இருக்கு.

கனம் அந்தச் சிவப்புல. உங்க எடைக்கு உடம்புல நாலு, நாலேகால் லிட்டர் ரத்தம் ஓடும். ஒரு கன மில்லிமீட்டர்ல ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணு. ஓட்டை முழுசா விழாத மெதுவடை மாதிரி ரெண்டு பக்கமும் அமுங்கி இருக்கும். ஜீப்புக்காரருக்குச் சொன்னா சட்டுனு புரியும்: அதிகமா ஆள் ஏத்த பின் சீட்டைக் கழட்டிப் போடுவீங்கல்ல, அது மாதிரி இந்த அணு எலும்பு மஜ்ஜையில இருந்து கிளம்புறதுக்குள்ள தன்னோட உட்கருவையே கழட்டி எறிஞ்சுட்டு, அந்த இடத்துலயும் ஹீமோகுளோபினை ஏத்திக்கும். ஒரு அணுவுல 27 கோடி மூலக்கூறு, ஒவ்வொண்ணும் நாலு ஆக்சிஜனைத் தூக்கும். நுரையீரல்ல ஏத்தி, தசையில இறக்கும். உங்களுக்கு வண்டி எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, இல்லைன்னா ஒவ்வொரு வண்டியும் பாதி காலியா ஓடுது. மேட்டுல மூச்சு வாங்குறது அதனாலதான் இருக்கும்.

உட்கரு இல்லாததால ரிப்பேர் பார்த்துக்க முடியாது. சுமார் 120 நாள்தான் ஆயுசு. அப்புறம் மண்ணீரல்ல, கல்லீரல்ல உடைபடும். உள்ள இருக்கிற இரும்பை உடம்பு வீணாக்காது, எடுத்து மறுபடி மஜ்ஜைக்கு அனுப்பிரும். இவ்வளவு சிக்கனமா நடக்கிற வீட்ல இரும்பு குறையுதுன்னா, எங்கேயோ ஒழுகுதுன்னு பார்க்கணும். பொம்பளைகளுக்கு மாசாமாசம் போகுது, பிரசவத்துல போகுது. 38 வயசு ஆம்பளைக்கு எங்க போகுது? இதைக் கேட்காம டானிக் வாங்கிக் குடிக்கிறது, ஓட்டை டேங்க்ல டீசல் ஊத்துற மாதிரி. மூலம் இருக்கா? மலம் கருப்பாப் போகுதா? வலி மாத்திரை அடிக்கடி போட்டு வயித்துப் புண்ணு வந்திருக்கா? தோட்டத்துல செருப்பில்லாம நடப்பீங்களா? சாப்பிட்ட கையோட கட்டன் சாயா (பாலில்லாத டீ) குடிப்பீங்களா, அது சோத்துல இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாது? டாக்டர்கிட்ட இதெல்லாம் மறைக்காமச் சொல்லுங்க.

பதில்: வண்டன்மேடு காய்க்காரி

லேப் அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். மழைக்காலத்துல தோட்டத்துல அட்டை ஒரு நாளைக்குப் பத்தாவது ஏறும். புகையிலையும் சுண்ணாம்பும் குழைச்சுத் தேய்ச்சுட்டுத்தான் இறங்குறோம், அப்படியும் கடிக்குது. பிச்சு எறிஞ்ச பிறகும் ரத்தம் நிக்காம சாக்ஸ் பூரா நனையுது. எங்க ஆளுகளுக்கு ரத்தமில்லாமப் போறது அதுனாலதானா? அதே காலு அருவாள்ல கிழிஞ்சா அஞ்சு நிமிஷத்துல நின்னுருது.

பதில்: பழைய லேப்காரன், கூடலூர்

தங்கச்சி, நல்ல கேள்வி. அருவா வெட்டுனா, முதல்ல தட்டணு ஓடி வந்து ஓட்டையில ஒட்டும். அப்புறம் பிளாஸ்மாவுல கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜனை த்ராம்பின்னு ஒரு நொதி நூலா மாத்தும். அந்த நூல்வலையில சிவப்பணு சிக்கி அடைச்சுக்கும். அட்டையோட எச்சில் அந்த த்ராம்பினையே முடக்கிப் போட்டுரும். அட்டை போனாலும் எச்சில் காயத்துல இருக்கும், அதான் ஒழுகிட்டே இருக்கு. சுத்தமா கழுவி அழுத்திப் பிடிச்சுக் கட்டுங்க.

கண்ணாடி விரியன் கடிச்சு வந்தாலும் ரத்தம் உறையாமப் போகும், வழிதான் வேற, ஆபத்து பல மடங்கு பெருசு. 2 மில்லி ரத்தத்தைக் காய்ஞ்ச கண்ணாடிக் குழாய்ல எடுத்து ஆட்டாம வைப்போம். 20 நிமிஷம் கழிச்சுச் சாய்ச்சுப் பார்த்தா தண்ணியா ஓடுச்சுன்னா விஷமுறிவு மருந்துக்குக் கத்துவோம். அந்த 20 நிமிஷம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

ஆனா அட்டை குடிக்கிறது ஒரு தடவைக்கு சில மில்லி. எனக்குச் சந்தேகம் கண்ணுக்குத் தெரியாதவன் மேலதான். கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணுல இருந்து வெறுங்கால் தோலைத் துளைச்சு ஏறி, ரத்தத்துலயே சவாரி பண்ணி நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியா இறங்கிக் குடல்ல கொக்கி மாட்டிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லி, இன்னொரு ஜாதின்னா 0.15 மில்லிக்கும் மேல ரத்தம் போக்கும். நூறு புழு இருந்தா 3 மில்லி, அதுல ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டுல இருந்து உடம்பு உறிஞ்சுறதே ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான். அட்டை வந்துட்டுப் போற விருந்தாளி, இது வாடகை குடுக்காம உள்ளயே குடியிருக்குது.

பதில்: கம்பம்மெட்டு ஜீப்பு

அண்ணே, மெஷின்ல பார்த்தாச்சு. ஹீமோகுளோபின் 9.8 கிராம்தான். டாக்டர் மலம் டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு (டப்பாவை வாங்கிட்டு நான் பட்ட வெட்கம் தனி). கொக்கிப்புழு முட்டை இருக்காம். சேத்துல வழுக்குதுன்னு செருப்பைக் கழட்டி ஜீப்புலயே போட்டுட்டு மூட்டை தூக்குவேன், சரியா மாட்டிக்கிட்டேன். கட்டன் சாயாவும் சரிதான், சாப்பாட்டோட ரெண்டு கிளாஸ்.

அல்பெண்டசோல்னு புழு மாத்திரை குடுத்தாரு, கூட இரும்பு மாத்திரை. மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் டீ கூடாது, எலுமிச்சம்பழத் தண்ணியோட போடுன்னாரு. ரெண்டாம் நாள் மலம் கருப்பாப் போச்சு, நீங்க எழுதினதை நினைச்சு நடுங்கிட்டேன். போன் பண்ணிக் கேட்டா, அது மாத்திரையோட கலராம். சிரிக்கிறாரு.

ஜீப்புல விஷயத்தைச் சொன்னேன். நாலு பேரு ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டுக்கு வர்றேன்னிருக்காங்க. முன் சீட்டு ஆத்தா மட்டும், “ஒரு சொட்டைக் கூட எவனுக்கும் குடுக்க மாட்டேன்”னுருச்சு.

கங்காணிக்குக் கடைசியில ரத்தம் குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? அவரு தினமும் எடை குறைவுன்னு வையுற அக்காவோட மகன். சொட்டு விட்டதும் கல்லு மாதிரி முங்குச்சாம். மறுநாள் அந்தக்கா காய் எடை போடும்போது தராசைப் பார்க்காம எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்துச்சு பாருங்க.