சமூக, சமய, அரசியல் கருத்துகளை வீடியோ கேம்களால் உணர்த்த முடியுமா?

கேள்வி:
நாவலோ திரைப்படமோ கருத்துச் சொன்னால் எவரும் வியப்பதில்லை. ஆனால் வெற்றியிலேயே குறியாக இருக்கும் விளையாட்டாளர், அதை உருவாக்கியவர் சொல்ல வந்ததைப் பொருட்படுத்துவாரா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. பல விளையாட்டுகளில் உரையாடல்களைப் படிக்காமலேயே தாண்டிச் செல்லவும் முடிகிறதே!

பதில் 1:
உரையாடலைத் தாண்டலாம், விதிகளைத் தாண்ட முடியாது. லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் நீங்கள் ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சோதனை அதிகாரி. எத்தனை பேரின் ஆவணங்களைச் சரிபார்க்கிறீர்களோ அதற்கேற்பவே கூலி. தவறுகள் தொடர்ந்தால் அபராதம். வீட்டு வாடகை, உணவு, மருந்து எல்லாம் அந்தக் கூலியில்தான் நடக்க வேண்டும். உரிய அனுமதிச்சீட்டு இல்லாத ஒரு பெண், முன்னே சென்றுவிட்ட கணவனோடு சேர்த்துவிடும்படி கெஞ்சும்போது, இரக்கம் காட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் குடும்பத்தின் பசியையும் கணக்கிட்டே முடிவு செய்கிறீர்கள். கொடுங்கோன்மைக்குச் சாதாரண மனிதர்கள் துணைபோவது எப்படி என்று அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை, துணைபோவதே நீங்கள்தான்.

பதில் 2:
விதிகள் மீது இவ்வளவு நம்பிக்கை வேண்டாம். நில ஏகபோகத்தின் தீமையைக் காட்டவே எலிசபெத் மேகி ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற பலகை விளையாட்டை வடிவமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த ‘மோனோபோலி’யில், எதிராளியை ஓட்டாண்டியாக்குவதைத்தான் எல்லோரும் மகிழ்ச்சியோடு செய்கிறோம். சமய விளையாட்டுகளின் நிலை இன்னும் பரிதாபம்: 1994-இல் வந்த ‘சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்’, ‘வூல்ஃபென்ஸ்டீன் 3டி’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் மென்பொருளிலேயே உருவானது. அதில், பைபிள் கதையில் வெள்ளத்திலிருந்து விலங்குகளைப் பேழையில் ஏற்றிக் காத்த நோவா, கவணால் உணவை எறிந்து விலங்குகளை உறங்க வைக்கிறார். பக்தி பெயரில் மட்டுமே இருக்கிறது. கை செய்வதெல்லாம் பழைய சுடும் வேலைதான்.

பதில் 3:
மேலே உள்ள இரு பதில்களும் வெற்றியை மையமாக வைத்தவற்றையே பேசுகின்றன. வெற்றி என்பதையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உருகுவேயைச் சேர்ந்த கொன்சாலோ ஃபிராஸ்கா 2003-இல் வெளியிட்ட ‘செப்டம்பர் 12’ நல்ல சான்று. பயங்கரவாதிகளைக் குறிவைத்து ஏவுகணை வீசினால் பொதுமக்களும் இறக்கிறார்கள். அவர்களுக்காக அழுபவர்கள் புதிய பயங்கரவாதிகளாக மாறுகிறார்கள். எவ்வளவு திறமையாகச் சுட்டாலும் வெல்ல முடியாது. ஆனால் வாதம் புரிவதும் மனம் மாறுவதும் வேறு வேறு. போரை ஆதரிப்பவர் இதைச் சில நிமிடங்கள் விளையாடிவிட்டு, ஒருதலைப்பட்சமான பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவதற்குக்கூட அவர் அந்த வாதத்தை முதலில் தம் கையாலேயே நடத்திப் பார்த்திருக்க வேண்டும் என்பதால், துண்டறிக்கையைவிட இது மேல் என்றே கருதுகிறேன்.