கயாக் தூண்டில்காரர்களுக்கு ஸ்பான்சர்ஷிப்: என்ன தருகிறார்கள், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள்?

லூயிஸ்வில் கெண்டை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் டல்லாஸுக்கு வடக்கே வசிக்கும் மென்பொருள் பணியாளன். வார இறுதிகளில் லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ் ஏரிகளிலும், நீண்ட விடுமுறை கிடைத்தால் லேக் ஃபோர்க்கிலும், காலால் மிதித்து ஓட்டும் சிறு படகான பெடல் கயாக்கில் பேஸ் மீன் பிடிப்பது என் வழக்கம். உள்ளூர்க் கயாக் சங்கத்தின் மாதப் போட்டிகளிலும் கலந்துகொள்கிறேன்; பட்டியலில் பெரும்பாலும் நடுவில் இருப்பேன், எப்போதாவது மேலே எட்டிப் பார்ப்பேன்.

அண்மையில் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. லூர் எனப்படும் செயற்கைத் தூண்டில் இரை விற்கும் ஒரு நிறுவனம் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி, என்னைத் தங்கள் விளம்பரத் தூதராகச் சேர்த்துக்கொள்வதாகவும் 40 விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் கூறுகிறது. ஆனால் முதலில் 100 டாலருக்கு அவர்களுடைய பொருள்களை நான் வாங்க வேண்டுமாம். மற்றது, நான் கயாக் வாங்கிய கடையின் உரிமையாளர், அடுத்த ஆண்டு கடைக் குழுவில் சேர விருப்பமா என்று நேரில் கேட்டது. அவர் இதுவரை எழுத்தில் எதுவும் தரவில்லை.

ஸ்பான்சர்ஷிப் என்பது உண்மையில் எப்படி நடக்கிறது, கையெழுத்திட்டால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், போட்டிகளில் வெல்லாத ஒருவரை அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய துடுப்பு எழுதியது:

டென்னசியிலிருந்து எழுதுகிறேன். ஒரு கயாக் நிறுவனத்தின் வட்டாரக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் விளையாட்டில் ஸ்பான்சர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி தள்ளுபடிதான். சம்பளம் வாங்கிக்கொண்டு கயாக்கில் மீன் பிடிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான். அடித்தட்டில் தள்ளுபடிக் குறியீடு மட்டும் கிடைக்கும். அதற்கு மேல், கடைக்காரர் தம் வாடிக்கையாளர்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்துச் சட்டை, தொப்பி, பொருள்களில் சலுகை, சில வேளை போட்டிக் கட்டணம் ஆகியவற்றைத் தரும் கடைக் குழு. அதற்கும் மேலே உற்பத்தியாளரே சேர்த்துக்கொள்ளும் ஃபீல்டு ஸ்டாஃப், வட்டார புரோ ஸ்டாஃப் குழுக்கள் என்று போகும். அங்கே மொத்த விலைக்கு நெருக்கமான விலையில் ஆண்டுக்கொரு கயாக் கிடைக்கலாம். இலவசக் கயாக், பயணச் செலவு, பணம் எல்லாம் உச்சியில் இருக்கும் தேசியக் குழுவுக்குத்தான். வெற்றி பெறும்போது தங்கள் பொருளைப் பயன்படுத்தியிருந்தால் தனியாக ஒரு தொகை தரும் போனஸ் திட்டங்களும் உண்டு. அவற்றுக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் தேவைப்படாது. முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் போதும்.

வெல்லாத உங்களை ஏன் கேட்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் பிடிக்கும் மீனன்று, உங்களைப் பார்த்து வாங்கும் ஆள். வசந்த காலத்தில் கடைகள் ஏரிக்கரையில் டெமோ நாள் நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். குழு உறுப்பினரின் உண்மையான வேலை அங்கேதான். காலையிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வருகிறவர் ஒவ்வொருவரையும் கயாக்கில் உட்கார வைத்து, அவருடைய கால் நீளத்துக்கேற்பப் பெடலை முன்னும் பின்னும் நகர்த்தி, எழுந்து நின்று தூண்டில் வீசினால் கவிழுமா என்று கேட்பவரை நிற்கவே வைத்துக் காட்டி அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்து அவர் மனைவி, "இதை எங்கள் காரின் மேல் ஏற்ற முடியுமா?" என்று கேட்பார். பெரிய பெடல் கயாக்குகள் 100 பவுண்டுக்கு மேல் இருக்கின்றன. தனியாளாகக் கூரைமேல் ஏற்றுவது கடினம், டிரெய்லர் வாங்குங்கள் அல்லது சிறிய படகைப் பாருங்கள் என்று அந்த இடத்தில் உண்மையைச் சொல்பவரையே நல்ல கடைக்காரர் மறு ஆண்டும் அழைப்பார்.

போட்டிகளின் அமைப்பும் விளம்பரத்துக்குத் தோதானது. நம் போட்டிகளில் மீனை எடை போடுவதில்லை என்பதும், அளவுப் பலகையின் முனையில் மூடிய வாய் தொடும்படி மீனைக் கிடத்தி, அன்றைய அடையாள அட்டையும் தெரியுமாறு படமெடுத்து, டூர்னிஎக்ஸ் போன்ற செயலியில் ஏற்றிவிட்டுத் தண்ணீரில் விடுகிறோம் என்பதும், கால் அங்குலக் கணக்கில் ஐந்து பெரிய மீன்களின் மொத்த நீளம்தான் புள்ளி என்பதும் உங்களுக்குத் தெரியும். இதில் விளம்பரதாரர் காண்பது வேறொன்று: ஏற்றப்படும் ஒவ்வொரு படத்திலும் பலகை செய்தவரின் பெயர் இருக்கிறது, பல படங்களில் கயாக்கின் நிறமும் ஓரமும் தெரிகின்றன. கயாக் தயாரிக்கும் ஹோபி நிறுவனம் 2019 இல் தன் பேஸ் ஓப்பன் தொடரைத் தொடங்கியதற்கும், 2020 இல் பேஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பு தனக்கென ஒரு கயாக் தொடரைக் கொண்டுவந்ததற்கும் பின்னால் இந்த விளம்பரக் கணக்கும் இருக்கிறது என்பது என் கருத்து. ஹோபி தொடரில் பிற நிறுவனக் கயாக்கிலும் கலந்துகொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள். கூட்டம் சேர்வதே அவர்களுக்கு லாபம்.

ஒப்பந்தத்தில் வழக்கமாகக் கேட்பவை: மாதத்துக்கு இத்தனை பதிவுகள், ஆண்டுக்கு இத்தனை நிகழ்ச்சிகள், நல்ல தரத்தில் படங்கள், நாகரிகமான நடத்தை. லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். 22 அங்குல மீனைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் படம் ஒன்றை, ஜாக்கெட்டின் கீழ்க் கொக்கி மாட்டப்படவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. தண்ணீரில் விபத்து நடந்தால் அந்தப் படம் அவர்கள் பெயரோடுதான் பேசப்படும்.

தங்களோடு போட்டியிடும் பிற நிறுவனங்களின் பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையைக் கூர்ந்து படியுங்கள். ஓல்டு டவுன் கயாக், மின் கோட்டா (Minn Kota) மோட்டார், நீருக்கடியில் மீனைக் காட்டும் ஹம்மின்பேர்டு சோனார் கருவி மூன்றும் ஜான்சன் அவுட்டோர்ஸ் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. இப்படிப்பட்ட குழுமத்தோடு கயாக்குக்கு ஒப்பந்தம் போடுபவர், தாம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வேறு நிறுவன சோனாரைப் படத்தில் காட்டலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பக் காலம் பெரும்பாலும் இலையுதிர் காலம். ஜூலையில் ஆர்லாண்டோவில் ஐகாஸ்ட் என்ற மீன்பிடிப் பொருள் கண்காட்சி முடிந்து, புதிய பொருள்கள் அறிவிக்கப்பட்ட பிறகுதான் அடுத்த ஆண்டுக்கான குழுவைப் பற்றிப் பலர் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

வரவு செலவு எழுதியது:

கணக்காளர் என்பதால் பணம், சட்டம் ஆகிய இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து, அதற்குப் பதிலாகப் பொருள் பெற்றால், அப்பொருளின் சந்தை விலை உங்கள் வருமானம் என்றே அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கொள்ளும். நிறுவனத்திடமிருந்து வரிப் படிவம் வரவில்லையே என்று விட்டுவிட முடியாது. வெளியாளுக்குக் கொடுத்ததைத் தெரிவிக்கும் 1099-என்.இ.சி. படிவத்தை நிறுவனம் அனுப்ப வேண்டிய வரம்பு நெடுங்காலம் 600 டாலராக இருந்து, 2026 முதல் 2,000 டாலராக உயர்த்தப்பட்டிருக்கிறது. அது நிறுவனத்தின் கடமைக்கான வரம்பு. வருமானத்தைக் காட்டும் உங்கள் கடமை அதனால் குறைவதில்லை. இதைத் தொழிலாகக் காட்டினால் போட்டிக் கட்டணம், பயணம் போன்றவற்றைக் கழிக்க வழியுண்டு, ஆனால் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி 15.3 விழுக்காடு சேரும். பொழுதுபோக்கு என்று காட்டினாலோ, வருமானத்துக்கு வரி உண்டு, 2018 முதல் செலவைக் கழிக்க இடமில்லை. இலவசக் கயாக் கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு ஏப்ரலில் என்னிடம் வருபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வணிக ஆணையத்தின் விதி. பணம் வாங்கினால்தான் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்றிருந்தாலும், அந்த நிறுவனத்தைப் பாராட்டி எழுதும்போது உங்களுக்குள்ள தொடர்பைப் படிப்பவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் குவியலின் கடைசியில் ஒளித்து வைப்பது போதாது. வெறுமனே "நன்றி" என்பதும் "அம்பாசடர்" என்பதும் தெளிவானவை அல்ல என்று ஆணையமே தன் விளக்கக் கையேட்டில் கூறுகிறது. "இந்தக் கயாக்கை நிறுவனம் எனக்குச் சலுகை விலையில் தந்தது" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

லூயிஸ்வில் கெண்டை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: நான் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். இதனால் ஏதேனும் சிக்கல் உண்டா? மேலும், என்னைப் பின்தொடர்பவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர் அதைப் பார்த்தால் மனம் மாறிவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

கரையோரம் எழுதியது:

மீன்பிடிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில், குழுவுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. ஆகவே இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "நான் மீன்பிடிப்பை உயிராக நேசிக்கிறேன், எனக்கு என்ன தருவீர்கள்?" என்ற இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். எங்கள் கடையில் என்ன விற்கிறது என்று பார்த்துவிட்டுக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். ஒருவர் மட்டும், தம் ஊர்ச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு சோனார் பொருத்தக் கற்றுக்கொடுப்பதாகவும், அவர்களில் யார் யார் எங்கள் கடையில் பேட்டரியும் கம்பியும் வாங்கினார்கள் என்றும் எழுதியிருந்தார். அவருக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லை. அவரைத்தான் முதலில் எடுத்தோம். பின்தொடர்பவர் எண்ணிக்கை தேசிய அளவில் விற்கும் நிறுவனத்துக்குத் தேவைப்படலாம். ஓர் ஏரியைச் சுற்றி விற்கும் கடைக்கு, அந்த ஏரியில் இறங்குபவர்கள் யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்பதே முக்கியம். பட்டியலின் நடுவில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு உதவுபவர், வென்றுவிட்டு யாரோடும் பேசாமல் வண்டியேறுபவரைவிட எங்களுக்குப் பயன்பட்டார்.

லூர் நிறுவனத்தின் அழைப்பைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: அது ஸ்பான்சர்ஷிப் அன்று, விற்பனை உத்தி. முதலில் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர், அவ்வளவுதான். அதே செய்தியை நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த லூர் உங்களுக்கு மெய்யாகவே பிடித்திருந்தால் தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக உங்கள் படங்களை அவர்கள் காலவரையின்றிப் பயன்படுத்த உரிமை எழுதிக் கொடுக்காதீர்கள். பட உரிமைப் பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் உங்கள் முகத்தை வைத்து விளம்பரம் செய்யலாம் என்று அதில் இருந்தால், ஓராண்டு என்று வரம்பு கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

நீர்ப்பூ எழுதியது:

விசா கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெச்-1பியில் இருப்பவர், யார் மனுச் செய்து அழைத்தார்களோ அந்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ஊதியம் என்பது காசோலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொருளாகக் கிடைத்தாலும், அது நீங்கள் செய்த வேலைக்கான கைம்மாறு என்று கருத இடமிருக்கிறது. டெமோ நாளில் கடைக்காக நின்று கயாக் விற்பதும், மாதத்துக்கு இத்தனை பதிவுகள் என்று ஒப்புக்கொண்டு பொருள் பெறுவதும் அந்த வகைக்குள் வந்துவிடக்கூடும் என்பதால், இதே நிலையில் இருந்த நான் கிரீன் கார்டு கிடைக்கும்வரை எந்தக் குழுவிலும் கையெழுத்திடவில்லை. எந்தக் கடமையும் இல்லாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்கும் தள்ளுபடியில் பொருள் வாங்குவது வேறு. அது வெறும் கொள்முதல்.

எனவே கடைக்காரரிடம் மறுப்பாக எதுவும் சொல்ல வேண்டாம். அவர் என்ன தருவார், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளோடு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். தாள் இல்லாமல் போனால் அவரும் பொதுவாகத்தான் பேசுவார்.

பழைய துடுப்பு எழுதியது:

நீர்ப்பூ அவர்கள் சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒன்று: அந்தத் தாளில் டெமோ நாள்களின் எண்ணிக்கையையும், ஆண்டு நடுவில் விலகினால் சலுகை விலையில் வாங்கிய கயாக்கைத் திருப்பித் தர வேண்டுமா, மீதி விலையைக் கட்ட வேண்டுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சலுகைக் கயாக்கை ஓராண்டுக்குள் விற்கக் கூடாது என்று பல கடைகள் நிபந்தனை வைப்பதுண்டு. வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தால் என்ன என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.