டாக்டருக்கு போன் செய்ய ஒரு பக்கத் தாள்: சீனியர் சிஸ்டர்கள் உதவுங்கள்

புதிதாக நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்காக, வார்டு போன் பக்கத்தில் ஒட்ட ஒரு தாள் தயாராகிறது. திருத்தித் தாருங்கள்.

டயல் செய்யும் முன் கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், அலர்ஜி விவரம், பேனா கையில் இருக்க வேண்டும். பிபி, பல்ஸ் போன் செய்யும் முன் புதிதாகப் பார்த்ததாக இருக்க வேண்டும். 2 மணி நேரப் பழைய ரீடிங் சொன்னால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். எடுத்ததும் விஷயம்: "சார், 12ஆம் பெட், ஆபரேஷன் முடிஞ்சு முதல் நாள். பிபி 84/50, பல்ஸ் 124, ஒரு மணி நேரமா யூரின் 10 எம்எல்தான். நீங்க வந்து பார்க்கணும்." "பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று இழுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

டாக்டர் போனில் சொல்லும் மருந்து ஆர்டரை எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன், ஃபைவ்" என்று பிரித்துச் சொல்வது நல்லது.

சிக்கல் இங்கேதான்: படிப்பதற்குள் டாக்டர் போனை வைத்துவிட்டால்? மறுபடி கூப்பிட்டு உறுதி செய்யாமல் மருந்து ஏற்றக் கூடாது. ஆனால் இப்போதுதான் திட்டியவரை மறுபடி கூப்பிடப் புதியவர்களுக்குக் கை வராது. அப்போது சொல்ல உங்கள் வார்டில் பழகிய வாக்கியம் என்ன? அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை, எத்தனை நிமிடத்தில் கூப்பிடுகிறீர்கள்? போன் ஆர்டருக்குக் கையெழுத்து வாங்க எவ்வளவு கெடு?